மற்றவை இயல்பு

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனி ரெப் இந்த டைரியை ஆறு மாதம் பிந்திக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேங்க்கா" என்று ஒரு சிரிப்பு வேறு. எவரும் வாங்காமல் கிடந்ததை என் தலையில் கட்டியாயிற்று. பக்கத்துக்குப் பக்கம் அடியில் அமில மாத்திரை விளம்பரம். போகட்டும், தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது. மேசை டிராயரில் கிடக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இன்று பதினாலு எண்டோஸ்கோபி. பாளையங்கோட்டையில் வயிறும் குடலும் மட்டும் பார்க்கிற இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக நான்தான் ரிப்போர்ட் டைப்பிஸ்ட். செல்வின் டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தபடியே மைக்கில் சொல்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அடிப்பேன். கெட்டுப்போன இடத்தை மட்டும் விரித்துச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கெல்லாம் சேர்த்து "மற்றவை இயல்பு" என்று முடிப்பார். அந்த வரியை என் விரல் தூக்கத்தில்கூட அடிக்கும்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொற்களைச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் இப்போது என் தலையில். வாயில் ஆரம்பித்தேன். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய். ஓரமாகக் கல்லீரல், பித்தப்பை, கணையம். "ஏ பிள்ளைகளா, இங்கிலீஷ் வார்த்தையப் பாத்துப் பயப்படாதிய. தலையப் பாருங்க, வாலப் பாருங்க" என்றேன். கேஸ்ட்ரோ என்று தலை இருந்தால் இரைப்பை, ஹெபட்டோ என்றால் கல்லீரல், கோலோ என்றால் பெருங்குடல். 'ஐடிஸ்' என்று வால் முளைத்தால் அழற்சி. 'ஸ்கோபி' என்றால் உள்ளே பார்ப்பது. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. ஒருத்தி 'ஓமா' என்றால் என்ன என்று கேட்டாள். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மணி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மத்தியானச் சோறு பாதி அப்படியே இருக்கிறது. ஆறு மாதமாக இதே கூத்து. கேட்டால் "கேஸ் டிரபிள், விடு" என்பார். ஊர் உலகத்து வயிறெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரி மேசையில் ஏறி இறங்குகிறது, கட்டினவர் வயிறு மட்டும் ஏறாது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜூன் 6, வியாழன்

இன்று பதினொரு பேர். பதினொன்றாவது அவர்.

ஜூன் 7, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. மலம் கருப்பாகப் போகிறது என்று புதன்கிழமை தற்செயலாகத்தான் சொன்னார். "எத்தன நாளா?" என்றேன். "அது கெடக்கும் ஒரு மாசமா" என்றார். அந்த இடத்திலேயே அவரை இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். கருப்பு மலம் என்றால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது என்று எத்தனை பேருக்குக் கவுண்டரில் நின்று சொல்லியிருக்கிறேன். மறுநாளே இழுத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் வழக்கம்போல மைக்கில் சொல்லிக்கொண்டே போனார். உணவுக்குழாய் இயல்பு என்றார். இரைப்பையின் மேல்பகுதி இயல்பு என்றார். கீழ்ப்பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். மைக்கை அணைத்துவிட்டு ஹெப்சிபா சிஸ்டரிடம் பயாப்ஸிக்குச் சதை கிள்ளி எடுக்கச் சொன்னார். மைக் அணைந்திருந்தாலும் கண்ணாடி வழியே வாய் தெரிகிறதே. திரையும் தெரிகிறது. ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான்.

பயாப்ஸி வரட்டும். அதுவரை ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

வந்துவிட்டது.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இல்லை. "காந்திமதி, ஆரம்பக் கட்டம்னுதான் தோணுது. சி.டி. எடுத்துப் பாத்துருவோம். சர்ஜன்ட்ட பேசிட்டேன், இருபத்தேழாம் தேதி வியாழக்கெழமை வச்சிருக்காரு. இரைப்பையில பாதிக்கு மேல எடுத்துட்டு சிறுகுடலோட சேக்கணும். தள்ளிப் போடக்கூடாதும்மா" என்றார்.

சரி சார் என்றேன்.

"அவருகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிடுதேன் சார்."

அவர் என்னை நம்பினார்.

ஜூன் 13, வியாழன்

அவர் சாதாரண ஆள் இல்லை. மின்வாரியத்தில் லைன்மேன், இருபத்தாறு வருட சர்வீஸ். ரேஷன் கார்டு முதல் மிக்ஸி கேரண்டி வரை ஃபைல் போட்டு வைப்பவர். இங்கிலீஷ் பேச வராது, எழுத்துக் கூட்டி ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிடுவார். வாயால் சொல்லி ஏமாற்ற முடியாது. ரிப்போர்ட் எங்கே என்பார்.

ஆகவே அடித்துக் கொடுத்தேன்.

இது எனக்குப் புதிது இல்லை. வீட்டுக்காரர்கள் கவுண்டரில் வந்து அழுவார்கள். "எம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே உயிர விட்ருவாவம்மா, வெறும் புண்ணுன்னு ஒரு காயிதம் குடு தாயி" என்பார்கள். நிஜ ரிப்போர்ட்டை மகனிடம் கொடுத்துவிட்டு, நோயாளி கண்ணில் காட்ட ஒரு தாள் அடித்துத் தருவேன். டாக்டருக்குத் தெரியாது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எட்டுப் பேருக்குச் செய்திருக்கிறேன். ஒரு பைசா தொட்டதில்லை. புண்ணியம் என்றுதான் செய்தேன். ஒரு மனுஷன் நாலு நாள் நிம்மதியாகத் தூங்கட்டுமே.

ஒன்பதாவது தாள் இது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் புண். மற்றவை இயல்பு. பயாப்ஸி: நாள்பட்ட அழற்சி. வழக்கமாக அதோடு நிறுத்துவேன். இவர் விடமாட்டாரே, அந்த ஒன்றைத்தானே தேடுவார் என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்தேன். புற்று அணுக்கள் எதுவும் இல்லை.

அந்தச் சொல்லை இந்த டைரியில் முதல் தடவையாக எழுதியிருக்கிறேன். அதுவும் 'இல்லை'யைச் சேர்த்துத்தான்.

ஜூன் 15, சனி

முகத்தில் என்ன ஒரு வெளிச்சம் அவருக்கு. பயந்திருக்கிறார், மனுஷன் சொல்லவில்லை. தாளை மூன்று தடவை வாசித்தார். கடைசி வரியை விரலை வைத்து வாசித்தார். "பாத்தியா, நான் அப்பமே சொன்னேம்லா. கேஸு" என்றார்.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதை லேமினேஷன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜூன் 17, திங்கள்

சி.டி. எடுத்தோம். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க என்று சொன்னேன். கல்லீரல் சுத்தம். நிணநீர்க் கணுக்கள் பெரிதாகத் தெரியவில்லை. அறையை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் நேரம் இருக்கிறது. வியாழக்கிழமை சொல்லிவிடுவேன்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நாலு குடம் கீழேயிருந்து தூக்கினேன்.

ஜூன் 20, வியாழன்

சொன்னேன். முழுசாக இல்லை. ஆபரேஷன் வேண்டும் என்று மட்டும்.

"எதுக்கு?" என்றார்.

"புண்ணு ஆழமா இருக்காம். ஓட்ட விழுந்துட்டுன்னா உயிருக்கே ஆபத்துங்க."

அவர் எழுந்து போய் என் நோட்டை எடுத்து வந்தார். நர்ஸ் பிள்ளைகளுக்காக நான் எழுதி வைத்தது. வயிற்றுப்புண் என்ற தலைப்பில் என் கையெழுத்தில் வாசித்தார். "பெரும்பாலும் கிருமியால் வருவது. மாத்திரையில் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். அறுவை அரிது." நோட்டை மூடினார். "நீ எழுதுனதுதானட்டி? ஆறு வாரம் மாத்திர தின்னு பாத்துட்டுப் பொறவு சொல்லுதேன். டாக்டர்மாருக்கு அறுக்கணும்னா கை ஊறும். உனக்கென்ன, நீ அங்கன சம்பளம் வாங்குத, அப்பிடித்தான் சொல்லுவ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பன்னெண்டு வருசமா இதுலதான் கெடக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் லேமினேஷன் போட்ட தாளை என் முன்னால் வைத்தார். கடைசி வரியில் விரல். "இதுல என்ன போட்டிருக்கு? வாசி."

வாசித்தேன்.

"பொறவு என்னத்துக்கு இந்தப் பாடு படுத்துத?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 24, திங்கள்

காலையில் வாந்தி. நேற்று ராத்திரி சாப்பிட்ட இட்லி அப்படியே வந்தது, செரிக்காமல். இரைப்பையின் வாசல் சுருங்க ஆரம்பித்தால் இப்படி வரும். 'ஸ்டெனோசிஸ்' என்று அடிப்பேன். குறுக்கம்.

"புளிச்ச மாவு" என்றார் அவர். மாவு நேற்றுக் காலையில்தான் அரைத்தது.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் கோமதி போன் செய்தாள். "அப்பாவுக்கு எப்பிடிம்மா இருக்கு?" "புண்ணுதான், மாத்திர சாப்பிடுதாவ." "ரிப்போர்ட்ட எனக்கு அனுப்பியிருந்தாவ. நான் பயந்தே போயிட்டேன்மா, நல்ல வேள." அவளுக்கும் போய்விட்டது அந்தத் தாள். வாட்ஸப்பில் சொந்தக்காரர் எத்தனை பேருக்கு அனுப்பினாரோ.

ஜூன் 25, செவ்வாய்

கெஞ்சிப் பார்த்தேன். கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றேன். சாப்பிடாமல் கிடந்தேன். "பட்டினி கெடந்தா உனக்கும் புண்ணு வரும்" என்றார். நக்கல்.

ஜூன் 27, வியாழன்

காலை எட்டு மணிக்கு அங்கே ஆபரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டியவர், வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 1, திங்கள்

டாக்டர் கேட்டார். "பயப்படுதாவ சார், ஒரு வாரத்துல மனசு மாறிருவாவ" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் வீட்டுக்கு வந்து பேசட்டுமா?" என்றார். வேண்டாம் சார் என்று பதறிவிட்டேன். சர்ஜனிடம் வேறு தேதி கேட்பதாகச் சொன்னார்.

மத்தியானம் ஹெப்சிபா சிஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "அக்கா, அந்த வீரவநல்லூர் ஐயா ஞாபகம் இருக்கா? வெள்ள வேட்டி, வாயில எப்பமும் வெத்தல. பெருங்குடல்ல கட்டின்னு அனுப்பிச்சோம்லா. பொறவு ஆபரேஷனுக்கு வரவே இல்ல பாத்தியளா."

வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்றேன். மதுரைக்கு. வசதியான குடும்பம்.

எட்டில் அவர் ஆறாவது.

ஜூலை 5, வெள்ளி

பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார், ஆணியைச் சுட்டு. எடை பார்க்க வரமாட்டேன் என்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. மாத்திரையை மட்டும் மணி தவறாமல் போடுகிறார், ஆறு வாரம் ஆகட்டும் என்று காலண்டரில் கட்டம் அடித்துக்கொண்டு. என் நோட்டை நம்பி.

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. இன்று நாலு ரிப்போர்ட்டில் பெயர் மாற்றி அடித்தேன். ஹெப்சிபா கவனித்துச் சொன்னாள். நல்ல வேளை.

சொல்லாமல் இருப்பது அவருக்காக என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். அவருக்காகவா? அந்த மனுஷன் ஐம்பதடி உயரத்தில் கம்பியில் தொங்குகிறவர். அவர் எதற்குப் பயந்தார்? அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. தாள் அடித்தால் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஜூலை 8, திங்கள்

ஒரு மாதமாகப் போட்டிருக்கும் மெடிக்கல் லீவ் போதும், நாளை டூட்டியில் சேருகிறேன் என்கிறார். "மொதல்ல செக்ஷன் ஆபீஸுக்குப் போயி எஞ்சினியரப் பாக்கேன். சாயங்காலம் உங்க டாக்டர்ட்ட வந்து ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கிடுதேன். இந்த ரிப்போர்ட்டக் காட்டுனா தராம என்ன செய்வாரு?"

டாக்டர் ஊரில் இல்லை என்றேன். "நேத்து பாத்தேனே, மார்க்கெட்ல" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க எழுந்தவள், அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டவுன் பஸ் ஏறி செக்ஷன் ஆபீஸில் இறங்கினேன். பார்க்கத்தான் போகிறேன் என்று சொன்ன மனுஷன் அங்கே இல்லை. லைனில் வேலை, தெரு முனையில் நிற்கிறார்கள் என்றார் வாட்ச்மேன். ஓடினேன்.

போஸ்ட்டில் ஏணி சாத்தியிருக்கிறது. அவர் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார், இரண்டு சுற்று சுற்றினாலும் நிற்காத இடுப்பில். பக்கத்தில், கூட வேலை பார்க்கும் மாடசாமி அண்ணாச்சி போனை வைத்துக்கொண்டு சப் ஸ்டேஷனோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர், "என்னட்டி, வீட்டுல என்ன?" என்று பதறினார்.

"ஏறாதிய. எறங்கி வாங்க."

"இன்னும் ஏறவே இல்லயே. எல்.சி. வரல."

எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனில் கரண்டை நிறுத்திவிட்டோம், தொடலாம் என்று சப் ஸ்டேஷன்காரர் சொல்வது. அது வராமல் ஒருவரும் கம்பியைத் தொடமாட்டார்கள்.

எங்கே வைத்துச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் நான் யோசித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டேன். "அது புண்ணு இல்லங்க. கேன்சர். இரைப்பையில. வெட்டி எடுத்தா சரியாவுறதுக்கு வாய்ப்பு இருக்குன்னுதான் டாக்டர் அவ்வளவு அவசரப்படுத்துனாவ. உங்களுக்கு இருபத்தேழாந்தேதி ஆபரேஷன் வச்சிருந்துச்சு."

மாடசாமி அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"ரிப்போர்ட்ல அப்பிடி இல்லயே" என்றார் அவர். அதுதான் முதலில் வந்தது அவர் வாயில். "கேன்சர் இல்லன்னு போட்டிருக்கே."

"அத அடிச்சது நான்."

"டாக்டர் சொன்னதத்தான நீ அடிப்ப."

"இத அவங்க சொல்லல. நானா அடிச்சேன். நீங்க பயப்படக் கூடாதுன்னு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அடித்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. பெல்ட்டைக் கழற்றினார். மெதுவாகச் சுருட்டி ஏணியின் அடியில் வைத்தார். பிறகு மாடசாமி அண்ணாச்சியைக் கை காட்டினார்.

"இந்தா நிக்கான் பாரு. இவன் லைன் ஆஃப்னு சொன்னா நான் போயி கம்பியத் தொடுவேன். டெஸ்டர் வச்சுப் பாக்குறதெல்லாம் பொறவு, இவன் வாய நம்பித்தான் காலத் தூக்குவேன். இருபத்தாறு வருசம். ஒரு நாளாவது நான் பயப்படக் கூடாதேன்னு இவன் பொய் சொல்லியிருந்தான்னா, உனக்குத் தாலி இருக்குமா காந்தி?"

நடந்து போய் வண்டியை எடுத்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. மாடசாமி அண்ணாச்சிதான் ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தார்.

ஜூலை 10, புதன்

பேசவில்லை. லேமினேஷன் தாள் ஃபைலில் இல்லை.

ஜூலை 11, வியாழன்

பேசவில்லை. கோமதிக்கு அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "எனக்குமாம்மா பொய் சொன்ன?"

ரசம் வைத்தேன். தொடவில்லை. தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார்.

ஜூலை 12, வெள்ளி

அவர் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார், எனக்கு முன்னாலேயே. நான் உள்ளே நுழையும்போது டாக்டர் மேசைமேல் அது கிடந்தது, பளபளவென்று. அவர் போய்விட்டிருந்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம், பதினெட்டாம் தேதி என்றார் டாக்டர்.

"எத்தன பேருக்கும்மா?"

"இவரச் சேத்து ஒம்பது சார்."

"நான் கையெழுத்துப் போடற தாள்ல."

"கையெழுத்து இல்லாமத்தான் சார் குடுத்தேன்."

"அத யாரு பாப்பா? தலைப்புல என் பேரு இருக்குல்லா?" மேசையில் ஓங்கி ஒரு அடி. பன்னிரண்டு வருடத்தில் அவர் கோபம் பார்த்ததில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எட்டுப் பேரையும் எழுது. ஊரோட."

எழுதினேன். ஒருவர்கூட மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் அறைச் சாவியை ஹெப்சிபாவிடம் கொடுக்கச் சொன்னார். டிராயரைக் காலி செய்துவிட்டு, இந்த டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நர்ஸ் பிள்ளைகள் இரண்டும் வாசல்வரை வந்தன. "அக்கா, ஓமான்னா என்னன்னு நீங்க கடைசி வர சொல்லவே இல்ல" என்றாள் ஒருத்தி, என்ன பேசுவது என்று தெரியாமல். கட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஹெப்சிபா போனில் சொன்னாள். டாக்டர் தானே எட்டு வீட்டுக்கும் போன் போட்டுப் பேசினாராம். ஐந்து பேருக்கு வீட்டுக்காரர்கள் எப்படியோ சொல்லி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு பேருக்கு அப்போதே அறுக்க முடியாத நிலை, அவர்கள் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

வீரவநல்லூர் ஐயா மதுரைக்குப் போகவில்லை. வெறும் புண்ணுதானே, மூலமாக இருக்கும் என்று நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார். குடல் அடைத்துப் பத்து மாதத்தில் இறந்துவிட்டார். மகன் டாக்டரிடம், "அப்பாவ எவ்வளவோ கூப்பிட்டோம் சார், ரிப்போர்ட்டக் காட்டிக் காட்டி வரமாட்டேன்னுட்டாவ" என்று சொன்னாராம்.

இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் பெயர் சுடலைமுத்து. வயது அறுபத்து மூன்று. புண்ணியம் என்று நான் எழுதியதை அடித்துத் திருத்தவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 18, வியாழன்

நாலரை மணி நேரம். வெளியே வந்துவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். நினைவு தெளிந்ததும் கோமதியைத்தான் கேட்டார். அவள் உள்ளே இருக்கும் நேரம் நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் வந்து ஏதாவது சொன்னால் அவர் என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்கிறார். "அவங்க என்ன சொல்லுதாங்க?" அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. என்னிடம் ஓடி வந்து கேட்டுக்கொண்டு போய்ச் சொல்கிறாள்.

முதுகு விட்டுப் போகிறது இந்த பெஞ்சில். இருந்தாலும் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

ஜூலை 27, சனி

வீட்டுக்கு வந்தோம். இனி ஆறு வேளை, வேளைக்கு அரை டம்ளர். சாப்பிட்டதும் வேகமாகக் குடலில் இறங்கி மயக்கம் வரும், படபடக்கும். இனிப்பு ஆகாது. இதையெல்லாம் நான் கோமதியிடம் சொல்ல, அவள் அவரிடம் சொன்னாள். நாளை அவள் கோயம்புத்தூர் போகிறாள். அதன்பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வெட்டி எடுத்ததன் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. சர்ஜன் அறையில் சுருக்கமாகச் சொன்னார்கள், மருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் அவர் கவரை என் பக்கம் நீட்டினார். மூன்று வாரத்தில் என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நீ வாசி. ஒரு வார்த்த விடாம. தமிழ்ல சொல்லு."

வாசித்தேன். இரைப்பையின் கீழ்ப்பகுதி, இத்தனை சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோய். தசைப் படலம்வரை இறங்கியிருக்கிறது. வெட்டிய இரண்டு ஓரங்களிலும் நோய் இல்லை. "அது நல்லதா?" என்றார். "நல்லது. முழுசா எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றேன். நிணநீர்க் கணுக்கள் பதினேழு எடுத்ததில் நாலில் நோய் இருக்கிறது.

"கணுன்னா?"

"பயறு மாதிரி சின்னச் சின்னதா இருக்கும். இரைப்பையச் சுத்தி. நோய் கட்டிய விட்டு வெளிய கெளம்புனா மொதல்ல அங்கதான் போவும்."

"அப்பம் கெளம்பிட்டு."

"கெளம்பிட்டு. அதுக்குத்தான் மருந்து ஏத்தணும்னாங்க."

பிறகு கேட்டார். நான் மூன்று வாரமாகக் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்த கேள்வி.

"இருபத்தேழாந்தேதியே அறுத்திருந்தா, இந்த நாலும் இருந்திருக்குமா?"

இருந்திருக்கும், மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிராது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். எத்தனை சுலபமாக வருகிறது.

"தெரியலங்க" என்றேன். "இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். டாக்டர்ட்ட கேட்டேன், யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டாவ."

"இது நெசமா?"

"நெசம்."

என் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா தெரியவில்லை. மணி பன்னிரண்டு, மூன்றாவது வேளைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போய்க் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தேன். தலையணையை முதுகுக்கு வைத்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"நெசமா?"

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. ஸ்பூனால் ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.